டேம்பர் வாங்கும் முன் பாஸ்கெட்டை அளந்து பாருங்கள்: வீட்டு எஸ்பிரெசோவுக்கு எந்த அமுக்கி பொருந்தும்?

கோலா கிளாவாங் – துணிப் பையில் வடித்த கோப்பி ஓ, எவர்சில்வர் ஃபில்டரில் இறக்கிய டிக்காஷன் என்று பழகிய தோட்டத்து வீடுகளின் சமையலறைக்குள் சிறிய எஸ்பிரெசோ இயந்திரமும் இப்போது நுழைந்து வருகிறது. சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வீடு திரும்பும்போது அப்பா அம்மாவுக்கு வாங்கி வரும் பொருள்களில் இதுவும் ஒன்று.

காப்பி இந்த மாநிலத்துக்குப் புதியதல்ல. ரப்பர் மரங்கள் வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங்கிலும் பக்கத்து மாநிலமான சிலாங்கூரிலும் காப்பித் தோட்டங்கள் இருந்தன. பிரேசிலின் விளைச்சல் பெருகி 1890களின் இறுதியில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது, தோட்ட முதலாளிகள் காப்பியைக் கைவிட்டு ரப்பருக்கு மாறினார்கள். தோட்டத்தை விட்டுக் காப்பி போனாலும், தொழிலாளர் வீட்டு அடுப்பை விட்டுப் போகவில்லை.

ஆனால் எஸ்பிரெசோ இயந்திரம் வந்த வீடுகளில் பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். ஒரு நாள் காப்பி தண்ணீராகப் புளிக்கிறது. மறுநாள் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கிறது. தூள் சரியில்லை, இயந்திரம் சரியில்லை என்று முடிவுகட்டி, சில நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய பொருளை அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்துவிடுகிறார்கள். பல சமயம் கோளாறு இயந்திரத்தில் இல்லை. காப்பித் தூளை அமுக்கும் சிறு கருவியான டேம்பரில்தான் இருக்கிறது.

கோலா கிளாவாங்கில் இருப்பவர்கள் இந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் புக்கிட் தங்கா மலைப்பாதையைக் கடந்து சிரம்பானுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கைப்பேசியில் படத்தைப் பார்த்து இணையத்தில் வரவழைக்க வேண்டும். படத்தில் எல்லா டேம்பரும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே எதை, ஏன் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

தூளை அமுக்குவது எதற்காக?

எஸ்பிரெசோ என்பது வெந்நீரைப் பலமான அழுத்தத்தில் காப்பித் தூளுக்குள் செலுத்தி எடுக்கும் காப்பி. இத்தாலியின் மிலான் நகரத்தைச் சேர்ந்த லூயிஜி பெட்சேரா 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இயந்திரம் நீராவியின் அழுத்தத்தில் இயங்கியது. அந்த அழுத்தம் குறைவு. அதே நகரத்தின் அக்கிலே காஜியா 1940களின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த நெம்புகோல் இயந்திரம் அழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்தியது. காப்பியின் மேல் பொன்னிற நுரை படியும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. 1961இல் வெளிவந்த ஃபேமா ஈ61 இயந்திரம் மின்சாரப் பம்பு வைத்து 9 பார் அழுத்தத்தைக் கொடுத்தது. இன்றைக்கும் அதுவே பொதுவான அளவு.

9 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீர், போகும் வழியில் எங்கே இடம் தளர்வாக இருக்கிறதோ அங்கேதான் பாயும். மழைநீர் மண் சாலையில் தனக்கென ஒரு கால்வாய் அறுத்துக்கொள்வதைப் போல, காப்பித் தூளுக்குள்ளும் அது ஒரு குறுக்குவழியை அறுத்துக்கொள்ளும். அந்த வழியில் உள்ள தூளிலிருந்து சாரம் அளவுக்கு மீறி இறங்கிக் கசக்கும். மற்ற இடத்துத் தூளில் சாரம் இறங்காமல் புளிப்பு மிஞ்சும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவதற்கு இதுவே காரணம்.

தூளைச் சமமாகவும் இறுக்கமாகவும் ஒரு வில்லைபோல் ஆக்கிவிட்டால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் இறங்கும். டேம்பரின் வேலை இவ்வளவுதான்.

ஃபில்டர் தட்டும் டேம்பரும் ஒன்றல்ல

நம் வீட்டு ஃபில்டரிலும் அமுக்குவதற்கு ஒரு தட்டு உண்டு. நடுவில் காம்பு வைத்த, துளைகள் நிறைந்த வட்டத் தட்டு அது. அதில் பழகிய கைதான் எஸ்பிரெசோவில் தடுமாறுகிறது. இரண்டும் பார்வைக்கு உறவுபோல் இருந்தாலும் வேலை வேறு.

ஃபில்டரில் தண்ணீரைக் கீழே இறக்குவது அதன் சொந்த எடை மட்டுமே. 10 சென்டிமீட்டர் உயரமுள்ள தண்ணீர் தரும் அழுத்தம் ஒரு பாரில் நூறில் ஒரு பங்குதான். எஸ்பிரெசோ இயந்திரம் தருவது அதைப்போல் சுமார் 900 மடங்கு. ஆகவே ஃபில்டரில் தூளை லேசாகத் தட்டிச் சமப்படுத்தினால் போதும். பலமாக அமுக்கினால் டிக்காஷன் இறங்காமல் நின்றுவிடும். அந்தத் தட்டு தூளின் மேலேயே இருந்து, ஊற்றும் வெந்நீர் ஒரே இடத்தில் குழி பறிக்காமல் பரவச் செய்கிறது. டேம்பரோ அமுக்கியவுடன் வெளியே எடுக்கப்படுகிறது.

அடுப்பில் வைக்கும் மோக்கா பானைக்கும் இது பொருந்தும். 1933இல் இத்தாலியில் பியாலெட்டி அறிமுகப்படுத்திய அந்தப் பானையில் தூளை அமுக்கவே கூடாது. நிரப்பி, மேற்பரப்பை விரலால் வழித்துவிட்டால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது குறுக்களவு

டேம்பர் வாங்குவோர் பெரும்பாலும் கைப்பிடியின் அழகையும் விலையையும் பார்க்கிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது அடித்தட்டின் குறுக்களவு. அது தூள் போடும் துளைக்கிண்ணத்தின், அதாவது பாஸ்கெட்டின், உள் அளவோடு பொருந்த வேண்டும்.

கடை இயந்திரங்களிலும், காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற வீட்டு இயந்திரங்களிலும் பாஸ்கெட் 58 மி.மீ. பிரெவில் நிறுவனத்தின் பாம்பினோ, பாரிஸ்தா எக்ஸ்பிரஸ் ஆகியவை 54 மி.மீ. வகை. டெலோங்கி டெடிக்கா 51 மி.மீ. வகை. 58 மி.மீ. டேம்பர் மற்ற இரண்டு வகைக்குள் நுழையவே நுழையாது. 51 மி.மீ. டேம்பர் 58 மி.மீ. பாஸ்கெட்டில் நடுவை மட்டும் அமுக்கி, சுற்றிலும் தளர்வாக விட்டுவிடும்.

அரை மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். உள் அளவு 58.5 மி.மீ. உள்ள பாஸ்கெட்டில் 57 மி.மீ. டேம்பரை வைத்து அமுக்கினால், மொத்தப் பரப்பில் சுமார் 5 விழுக்காடு அமுங்காமல் ஓரத்தில் வளையமாக நிற்கும். 58 மி.மீ. டேம்பரில் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே குறையும். 58.5 மி.மீ. டேம்பரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 51 மி.மீ. பாஸ்கெட்டில் 49 மி.மீ. டேம்பரைப் பயன்படுத்தினால் அமுங்காத பரப்பு 7 விழுக்காட்டைத் தாண்டும். ஓரத்தில் நிற்கும் இந்த வளையம்தான் தண்ணீருக்குக் குறுக்குவழி.

பெட்டியில் எழுதியுள்ள அளவும் பொருந்தும் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பிரெவில் 54 மி.மீ. வகைக்குச் சந்தையில் 53.3 மி.மீ. டேம்பர் என்று கேட்டு வாங்குகிறார்கள். 58 மி.மீ. வகையிலோ, நேரான சுவருள்ள பாஸ்கெட்டுக்கு 58.5 மி.மீ. பொருந்தும். கீழே போகப்போகக் குறுகும் பாஸ்கெட்டில் அதே டேம்பர் பாதியில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே தூள் எந்த உயரம் வரை நிற்கிறதோ, அந்த உயரத்தில் பாஸ்கெட்டின் உள் அளவை எடுக்க வேண்டும். பட்டறையில் வேலை செய்பவர்களிடம் இருக்கும் வெர்னியர் அளவுகோல் இதற்கு ஏற்றது. பள்ளிக்கூட ஸ்கேல் அரை மில்லிமீட்டரைக் காட்டாது.

எவ்வளவு பலமாக அமுக்குவது?

30 பவுண்டு, அதாவது சுமார் 13.6 கிலோ எடைக்கு அமுக்க வேண்டும் என்பது பழைய பாடம். அந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தூளுக்குள் இருக்கும் காற்று இடைவெளி அடைபட்ட பிறகு, மேலும் எவ்வளவு அமுக்கினாலும் வில்லை பெரிதாக இறுகுவதில்லை.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 58 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 9 பார் அழுத்தம் என்றால் சுமார் 240 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம். கையால் அமுக்கும் 15 கிலோ அதற்குப் பக்கத்தில் சிறிது. காப்பி வேகமாக இறங்கினால் இன்னும் பலமாக அமுக்குவது பரிகாரமல்ல. தூளை இன்னும் மென்மையாக அரைப்பதுதான் பரிகாரம்.

பலத்தைவிட முக்கியம் சாய்வு. டேம்பர் ஒரு பக்கம் சரிந்தால் வில்லையின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். தண்ணீர் மெலிந்த பக்கமே பாயும். முழங்கை டேம்பருக்கு நேர் மேலே இருக்கும்படி நின்று, மணிக்கட்டை மடக்காமல் அமுக்கினால் சாய்வு குறையும், கையும் வலிக்காது.

பலத்தைப் பழகிக்கொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஆள் எடை பார்க்கும் தராசைச் சமையல் மேடையில் வைத்து, மேலே துணி விரித்து, அதன்மேல் வைத்து அமுக்கிப் பார்க்கலாம். முள் 10 முதல் 15 கிலோ வரை ஏறினால் போதும். நாலைந்து முறை செய்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

வகைகள்: எதில் என்ன கிடைக்கும்?

இயந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் டேம்பர்: எடை இல்லாததாலும், பல சமயம் பாஸ்கெட்டைவிடச் சிறியதாக இருப்பதாலும் ஓரம் அமுங்காது. சிலவற்றில் ஒரு முனை அளவுக் கரண்டி, மறுமுனை டேம்பர். பழகும்வரை பயன்படுத்தலாம்.

தட்டையான எவர்சில்வர் டேம்பர்: பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். எடை இருப்பதால் கை நடுங்காது, துருப்பிடிக்காது. இணையத்தில் சில பத்து ரிங்கிட்டிலேயே கிடைக்கும். நூற்றுக்கணக்கான ரிங்கிட் விலையுள்ளதற்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு அளவின் துல்லியமும் கைப்பிடியின் மரமும்தான். சரியான அளவில் கிடைத்தால் மலிவானதே அதே வேலையைச் செய்யும்.

குவிந்த அடித்தட்டு, அலை அடித்தட்டு: நடுவில் லேசாகப் புடைத்த வகை, தூளை ஓரத்துக்குத் தள்ளி இடைவெளியை அடைக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. அலைபோல் வளையங்கள் உள்ள வகையும் உண்டு. சரியான குறுக்களவு கிடைக்கும்போது இவற்றுக்காகத் தனியே செலவழிக்கத் தேவையில்லை.

ஸ்பிரிங் டேம்பர்: குறிப்பிட்ட பலம் வந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தாழ்ந்து, போதும் என்று உணர்த்தும். ஒரே வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று பலர் காப்பி போட்டால் இது உதவும், ஏனென்றால் ஒவ்வொரு கைக்கும் ஒரு சுவை என்ற நிலை மாறும். ஆனால் ஸ்பிரிங் பலத்தை மட்டுமே காட்டும், சாய்வைத் திருத்தாது. சாய்வையும் தடுக்க வேண்டுமென்றால், பாஸ்கெட்டின் விளிம்பில் உட்காரும் வெளிவளையம் உள்ள ஸ்பிரிங் டேம்பரைக் கேட்டு வாங்க வேண்டும். புதிதாகப் பழகுவோருக்கும், மூட்டுவலியால் கை நடுங்கும் முதியோருக்கும் இதுவே ஏற்றது.

உள்ளங்கை டேம்பர்: கைப்பிடி இல்லாமல் தடித்த வட்டாக இருக்கும். விளிம்பில் உட்கார்ந்து, திருகி வைத்த ஆழம் வரை மட்டுமே இறங்கும். சாயாது. ஆனால் தூளின் அளவு ஒரு கிராம் குறைந்தாலும் அது தூளைச் சரியாகத் தொடாது. தினமும் தூளை நிறுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டுமே இது சரிப்படும்.

தானியங்கி டேம்பர்: ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அமுக்கும் கடைப் பணியாளர்களின் மணிக்கட்டைக் காப்பாற்ற இவை உதவுகின்றன. நாளுக்கு நாலைந்து கோப்பை போடும் வீட்டுக்குத் தேவையில்லை.

டேம்பருக்குச் செலவே செய்ய வேண்டாதவர்கள்

விலை குறைந்த இயந்திரங்கள் பலவற்றில் இரட்டை அடியுள்ள பாஸ்கெட் வருகிறது. உள்ளே பார்த்தால் நிறையத் துளைகள் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரே ஒரு சின்னத் துளைதான் இருக்கும். அழுத்தத்தை உண்டாக்குவது அந்தத் துளையே, தூளின் இறுக்கமல்ல. இந்த வகையில் தூளை லேசாகச் சமப்படுத்தினால் போதும். விலை உயர்ந்த டேம்பர் வாங்கினாலும் சுவையில் பெரிய மாற்றம் வராது.

பணம் கொடுக்கும் முன் பாஸ்கெட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது. அடி முழுவதும் துளைகள் இருந்தால் மட்டுமே டேம்பரின் வேறுபாடு கோப்பையில் தெரியும்.

எந்தத் தூளைப் போடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டுக் கோப்பிக் கடைத் தூள் பெரும்பாலும் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. துணிப் பையில் வடிப்பதற்கு அது அருமை. எஸ்பிரெசோ பாஸ்கெட்டின் நுண்துளைகளிலோ அந்தப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். சிக்கரி கலந்த ஃபில்டர் தூளும் இதற்கு ஏற்றதல்ல. அவற்றை அவற்றுக்குரிய பாத்திரத்திலேயே போட வேண்டும். இயந்திரத்துக்கு எதுவும் சேர்க்காமல் வறுத்த கொட்டையே தேவை. ஜொகூரில் விளையும் லைபெரிக்கா கொட்டையும் அவ்வாறு வறுத்துக் கிடைத்தால் போடலாம்.

அமுக்குவதற்கு முன் பரப்ப வேண்டும்

கட்டி தட்டிய தூளை எந்த டேம்பராலும் சரிசெய்ய முடியாது. மேற்பரப்பு வழவழப்பாகத் தெரியும், உள்ளே கட்டியும் வெற்றிடமும் அப்படியே இருக்கும். அமெரிக்கரான ஜான் வைஸ் 2005இல் இதற்கு ஒரு வழியை எழுதினார். மெல்லிய ஊசியால் தூளை அடிவரை கிளறி, கட்டிகளை உடைத்த பிறகு அமுக்குவதே அது. பாட்டில் கார்க்கில் மூன்று நான்கு மெல்லிய ஊசிகளைக் குத்தி வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம். விலை உயர்ந்த டேம்பரைவிட இந்தச் செலவில்லாத ஊசிக் கார்க்கு பல வீடுகளில் அதிகப் பலன் தரும்.

அமுக்கிய பிறகு பாஸ்கெட்டின் பக்கவாட்டில் டேம்பரால் தட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைத் தவிர்க்க வேண்டும். தட்டினால் வில்லையின் ஓரம் சுவரிலிருந்து பெயர்ந்து, தண்ணீருக்கு மீண்டும் வழி திறந்துவிடும்.

கவனம்: சூடான தூள் தெறிக்கும்

தூள் மிக மென்மையாக இருந்தாலோ, அளவுக்கு மீறிப் போட்டு அமுக்கினாலோ தண்ணீர் கீழே இறங்காமல் நின்றுவிடும். அப்போது பதற்றத்தில் கைப்பிடியைத் திருகிக் கழற்றக் கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தம், கொதிக்கும் தண்ணீரையும் தூளையும் முகத்துக்கும் கைக்கும் நேராக வீசிவிடும். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இல்லாத சிறிய இயந்திரங்களில் இந்த ஆபத்து அதிகம்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அழுத்தம் முழுவதும் தணியும்வரை சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். நீராவிக் குழாய் உள்ள இயந்திரத்துக்குக் கையேட்டில் சொல்லியுள்ளபடி நீராவியை வெளியேற்றிய பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் நிற்கும்போது கழற்றவே கூடாது.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

பாஸ்கெட்டின் அடியில் துளைகள் முழுவதும் இருக்கின்றனவா, ஒன்றுதானா? தூள் நிற்கும் உயரத்தில் உள் அளவு எத்தனை மி.மீ.? வீட்டில் காப்பி போடுவது ஒருவரா, பலரா? தூளை நிறுத்துப் போடும் பழக்கம் உண்டா?

ஒரே துளை என்றால் இருக்கும் டேம்பரே போதும். முழுவதும் துளை, போடுவது ஒருவர் என்றால் சரியான அளவில் ஒரு தட்டையான எவர்சில்வர் டேம்பர். பலர் போடும் வீடென்றால் வெளிவளையம் உள்ள ஸ்பிரிங் டேம்பர். நிறுத்துப் போடும் பழக்கம் இருந்தால் உள்ளங்கை டேம்பரும் ஒத்துவரும்.

வாங்கிய பிறகு சோதித்துப் பார்ப்பதும் எளிது. 58 மி.மீ. பாஸ்கெட்டில் 18 கிராம் தூள் போட்டு, 25 முதல் 30 வினாடிக்குள் சுமார் 36 கிராம் காப்பி இறங்கினால் பொதுவாகச் சரி. சிறிய பாஸ்கெட்டில் தூளைக் குறைத்து, அதைப்போல் இரண்டு மடங்கு காப்பி என்ற அதே விகிதத்தைப் பார்க்கலாம். பிறகு வில்லையைக் கவனிக்க வேண்டும். ஓரத்தில் ஈரக் குழியோ ஊசித்துளையோ தெரிந்தால், அடுத்த முறை இன்னும் நன்றாகக் கிளறி, இன்னும் நேராக அமுக்க வேண்டும். இப்படி ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு இயந்திரத்தை அலமாரியில் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.